ஸ்பிரிங்கும் சம்மட்டியும் ஒரு வெள்ளைத் துண்டும்

பஞ்சுத் தரகரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. லாரிக்காரரையும்தான். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாகிறது. இரண்டு துஷ்டிக்கும் போனேன், மாலை போட்டேன், அவர்கள் வீட்டுப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் மன்னிக்கவில்லை. செத்தவர்களைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாராவது கேட்டால், உயிரோடு இருக்கும்போதே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன், போதுமா என்று கேட்பேன்.

தேனி பஜாரில் எங்களுக்கு இரும்புக்கடை. ஆணி, கீல், கொண்டி, மண்வெட்டி, கடப்பாரை, பம்புசெட்டுக்கு வேண்டிய சில்லறைச் சாமான் எல்லாம் கிடைக்கும். அப்பா இறந்த பிறகு கல்லாவில் நான் உட்கார்ந்தேன். பொம்பளைப் பிள்ளை கல்லாவிலா என்று முகம் சுளித்தவர்கள் சுளித்தார்கள், பிறகு ஆணி வேண்டுமென்றதும் வந்தார்கள். அண்ணன் ஒருவர் இருந்தும் நான் உட்கார்ந்ததற்குக் காரணம், அண்ணனுக்கு வியாபாரம் வராது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, சைக்கிள் கேரியரில் சாமானைக் கட்டியும் விட்டு வருவார்.

அவர் பட்டாளத்தில் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர். அவருடைய படைப்பிரிவில் அவரை நின்று அடிக்க ஆள் இல்லாமல் சில வருடங்கள் இருந்தன. கடை வாசலுக்குக் குனிந்துதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் அவருக்குப் பின் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள், பிரசங்கம் பண்ணுகிற பாதிரி ஐயர் முகம் தெரியாது என்று.

பட்டாளத்தை விட்டு அவர் வந்தது வயதாகி அல்ல. கடைசிச் சண்டையில் விழுந்த ஒரு குத்தில் இடது கண்ணுக்குள் இருக்கிற திரை ஓரத்தில் கழன்றுவிட்டது. ராணுவ ஆஸ்பத்திரியில் மல்லாக்கப் படுக்கவைத்து, சரிபண்ணி அனுப்பினார்கள். அந்தப் பக்கம் இன்னொரு அடி பலமாக விழுந்தால் கண் போய்விடும், பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போதுதான் அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளைக்குக் கண்ணில் கோளாறாம் என்று பஜாரில் ஒரு வாய் சொன்னால் போதும், அத்தோடு முடிந்தது. அதனால் வெளியே மூச்சு விடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பெண் வீட்டுக்கு மட்டும் உண்மையைச் சொன்னோம். மதினி சம்மதித்து வந்தவர்.

எழுபதுகளின் மத்தி அது. சாயங்காலமானால் பஞ்சுத் தரகர் மண்டியிலிருந்து நேராக எங்கள் கடைக்கு வருவார். காதோரம் பஞ்சு ஒட்டியிருக்கும், தட்டிவிடவும் மாட்டார். லாரிக்காரர் என்றால் ஓட்டுகிறவர் அல்ல, சொந்தமாக லாரி வைத்திருந்தவர். அவர் வந்தால் ஆணிச் சாக்கின் மேல்தான் உட்காருவார், முதலாளி தோரணையில். இரண்டு பேரும் எங்கள் காசில் டீ குடித்துக்கொண்டு உலகக் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒரு குத்துச்சண்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. பேப்பரில் வருகிற செய்தியும், மங்கலான ஒரு படமும்தான் மூலதனம்.

வெளிநாட்டுப் பெயர்கள் அவர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் கடையில் கிடந்த சாமானின் பெயரையே சாம்பியன்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அப்போதைய சாம்பியன் நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளித் துள்ளி ஆடுவாராம், அவர் ஸ்பிரிங். அவருக்கு முந்தைய தலைமுறையில் ஒருவர் ஒரே அடியில் ஆளைச் சாய்ப்பாராம், அவர் சம்மட்டி. எத்தனை அடி விழுந்தாலும் முன்னால் வந்துகொண்டே இருப்பவர் பட்டறைக்கல். கை நீளமானவர் கடப்பாரை.

"ஸ்பிரிங்கு உச்சத்துல இருக்கையில சம்மட்டி எதிர்த்து நின்னா என்ன ஆகும்?" என்று லாரிக்காரர் ஆரம்பிப்பார்.

"என்ன ஆகும்? சம்மட்டி வீசுறது பூராம் காத்துல போகும். ஆளு அங்கன இருந்தாத்தானே அடி விழும்."

"ஒண்ணு விழுந்தாப் போதும்யா. ஒண்ணே ஒண்ணு."

"அந்த ஒண்ணுதான் விழாதுங்கிறேன். பட்டறைக்கல்லுன்னா சொல்லு, யோசிக்கலாம். அவுக வாங்கிக்கிட்டே உள்ள வந்துருவாக."

"சம்மட்டி உச்சத்துல பட்டறைக்கல்லு வந்தா?"

இப்படியே இருட்டுகிற வரைக்கும். உச்சம், உச்சம், உச்சம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனிதனுடைய வாழ்நாளில் ஆகச் சிறந்த ஒரு நாளை மட்டும் கத்தரித்து எடுத்து, இன்னொருவருடைய சிறந்த நாளோடு மோதவிடுவது. அந்த நாளுக்கு முன்னால் அவன் பட்டினி கிடந்தானா, பின்னால் அவனுக்குக் கண் தெரிந்ததா, கை நடுங்கியதா, அதெல்லாம் கணக்கில் வராது. மோதவிடுகிறவனுக்கு மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் வராது. டீ மட்டும் இன்னொன்று வரும்.

அண்ணன் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு ஏதாவது அடுக்கிக்கொண்டிருப்பார். ஆனால் காது இங்கேதான் இருக்கும். ஒரே ஒரு முறை, தரகர் ரொம்ப வற்புறுத்திக் கேட்டதால் பேப்பரில் இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஸ்பிரிங்கு கையைக் கீழ போட்டு நிக்கிறாக பாருங்க. அடி வரும்போது தலையப் பின்னால சாச்சுத் தப்பிக்கிறாக. கால் இருக்கிறவரைக்கும் அது சரி. கால் சோந்து போச்சுன்னா அந்தக் கை இருக்க வேண்டிய இடத்துல இருக்காது."

தரகர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அண்ணன் சொன்னது அவருக்கு எட்டவே இல்லை. எட்டியது வேறு. மறுநாளிலிருந்து பேச்சில் அண்ணனையும் சேர்த்துக்கொண்டார்கள்.

"நம்மாளு இருபத்தஞ்சு வயசுல இருக்காகன்னு வையி. ஸ்பிரிங்கு உச்சத்துல வர்றான். எத்தனை ரவுண்டு தாங்குவான்?"

"மூணு. மூணு தாண்டாது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அண்ணனின் முதுகைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. கீல் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். தப்பான தட்டில் வைத்தார். எடுத்து மறுபடியும் தப்பான தட்டிலேயே வைத்தார். அந்த மனிதருக்கு ஆணி விற்க வரவில்லை, விலை பேச வரவில்லை, தங்கச்சி கல்லாவில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள். சாயங்காலம் இரண்டு வெட்டிப் பயல்கள் வந்து, நீ உலகச் சாம்பியனையே சாய்த்திருப்பாய் என்று சொல்கிறார்கள். யாருக்குத்தான் இனிக்காது.

அந்த வருஷம் கம்பத்துக்கு ஒரு வித்தைக் கம்பெனி வந்தது. மல்யுத்தம், பளு தூக்குதல், குத்துச்சண்டை. திராட்சை வெட்டு முடிந்து கையில் காசு புரள்கிற நேரம், எஸ்டேட்களிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் இறங்குவார்கள் என்று கணக்குப் பண்ணித்தான் வந்திருந்தார்கள். அவர்களிடம் வடக்கத்தி குத்துச்சண்டைக்காரன் ஒருவன் இருந்தான். வயது முப்பதைத் தாண்டாது. அவனோடு மோத உள்ளூரில் ஆள் உண்டா என்று ஊர் ஊராக மைக் கட்டிக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தரகரும் லாரிக்காரரும் அண்ணன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு விஷயம் தெரிந்ததே சுவரொட்டியைப் பார்த்துத்தான். அல்லிநகரத்தில் ஒரு சுவரில், உலகச் சாம்பியனுக்கே சவாலான தேனிச் சிங்கம் என்று போட்டு, எவனோ ஒரு வெள்ளைக்காரப் பயில்வானின் படத்தை அண்ணன் என்று அச்சடித்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்ததும் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன்.

"யாரைக் கேட்டு எங்க அண்ணன் பேரைக் குடுத்தீக?"

"ஏத்தா, கோவிக்காத. சும்மா தொட்டு வெளையாடுறதுதான். ஊருக்கே பெருமை."

அப்பா சொன்னதை மீறி அன்று வெளியே சொன்னேன். அப்பாவே போய்விட்டார், அண்ணனுக்கும் கல்யாணமாகிக் குழந்தையும் ஆயிற்று, இனி யாருக்காக மறைப்பது. "அவுக இடது கண்ணுல இன்னொரு அடி விழுந்தா கண் போயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காக. உங்களுக்கு வெளையாட்டு. எங்களுக்குக் கண்ணு."

தரகர் ஒரு நிமிஷம் யோசித்தார். நான் நம்பினேன், இந்த ஆளுக்கு மனசு இளகிவிட்டது என்று. பிறகு சொன்னார்: "பட்டறைக்கல்லுக்குக்கூட ஒரு கண்ணு சரியில்லைன்னுதான் பேப்பர்ல போட்டுருந்தான். அதோட எத்தனை பேரைச் சாச்சாக தெரியுமா?"

நாசமாய்ப் போக என்று கத்தினேன். பஜாரே திரும்பிப் பார்த்தது. லாரிக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். பாதியில் வைத்தாரே தவிர, பேரை வாபஸ் வாங்கவில்லை.

வீட்டில் மதினி அழவில்லை, சண்டை போடவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அண்ணன் எதிரில் உட்கார்ந்து, "போகணும்னு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒரே தடவை" என்றார். மதினி ஒரு கரண்டி குழம்பை ஊற்றினார். நான் சொன்னேன், நிறையச் சொன்னேன், வாய்க்கு வந்ததையெல்லாம். கடைசியில் அண்ணன் உள்ளே போய் ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். பட்டாளத்துத் துண்டு, கெட்டியானது.

"பட்டாளத்துல இதுதான் சட்டம். ஆடுறவனால முடியலைன்னா அவன் பக்கத்து ஆள் துண்டை உள்ள எறியணும். விழுந்த நிமிஷமே சண்டை முடிஞ்சுது. நீ என் மூலையில நில்லு. கண்ணு மங்குச்சுன்னா இடது கையைத் தொங்கப் போடுவேன். எறிஞ்சுரு, நான் இறங்கிருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் போனேன். கம்பத்தில், ஊருக்கு வெளியே பொட்டலில் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். காற்றுக் காலம். மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் படுதா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, மண் கண்ணில் விழுந்தது. பொம்பளைகளுக்குத் தனியாக இடம் போட்டிருந்தார்கள். நான் அங்கே போகவில்லை. மதினியையும் கூட்டிக்கொண்டு நேராக அண்ணனின் மூலைக்குப் போய் நின்றேன். பின்னால் சீட்டி அடித்தார்கள், தமிழிலும் மலையாளத்திலும் என்னென்னவோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டார்கள்.

நடுவர் யார் தெரியுமா? லாரிக்காரர். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம், விழாவுக்குச் செலவு பண்ணுகிறவருக்குத் தலைமைப் பதவி. பந்தல், மைக்செட் செலவை அவர் ஏற்றுக்கொண்டதால் கம்பெனிக்காரன் அவரையே நடுவராக ஏற்றிவிட்டு டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் போய்விட்டான். சலவை வேட்டி, கழுத்தில் மாலையோடு ரிங்குக்குள் நின்றார். அவருக்குத் தெரிந்த ஒரே விதி, மணி அடித்தால் ஆரம்பம், மறுபடி அடித்தால் நிறுத்தம்.

முதல் ரவுண்டில் அண்ணன் நன்றாகவே ஆடினார், சொல்லத்தான் வேண்டும். வடக்கத்திக்காரன் இரண்டு முறை பின்வாங்கினான். கூட்டம் கத்திய கத்தலில் படுதாச் சத்தம் கேட்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரகர், "ஸ்பிரிங்காவது மண்ணாவது" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது.

இரண்டாவது ரவுண்டில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. கால் தரையை விட்டு எழும்பவில்லை. அவன் வலது கை வந்தது. தலையைப் பின்னால் சாய்த்தார், சாய்த்தது போதவில்லை. இடது கண்ணுக்கு மேல் விழுந்தது. அண்ணன் ஒரு அடி தள்ளி நின்று, தலையை உதறினார். பிறகு இடது கையைத் தொங்கப் போட்டார்.

நான் எறிந்துவிட்டேன். துண்டு இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்தது. வடக்கத்திக்காரன் பார்த்தான். உடனே கையைத் தாழ்த்திவிட்டு, அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டு, தன் மூலைக்குத் திரும்பி நடந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பொட்டலில் அவ்வளவு பேரில் விஷயம் தெரிந்த ஒரே ஆள், எங்கள் அண்ணனை அடித்தவன்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் துண்டு என்றால் வேறு. மாடு பிடித்தவனுக்குத் துண்டு, சடுகுடுவில் ஜெயித்தவனுக்குத் துண்டு, நாடகத்தில் நன்றாகப் பாடினவனுக்கு மேடையேறித் துண்டு. மேடையேற முடியாதவன் கீழே இருந்து எறிவான். தங்கச்சியே அண்ணனுக்கு மரியாதை செய்கிறாள் என்று தரகர் கத்தினார். கத்திக்கொண்டே கயிற்றுக்குள் புகுந்து, என் துண்டைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, அண்ணனின் தோளில் போர்த்திவிட்டார்.

அவ்வளவுதான். கூட்டம் எழுந்துவிட்டது. நாலு பக்கமிருந்தும் துண்டு பறந்து வந்தது. சிவப்பு, பச்சை, கோடு போட்டது, வியர்வை நாறுகிறது, எல்லாம் காற்றில் சுழன்று ரிங்குக்குள் விழுந்தது. நானும் மதினியும் கத்தினோம். "நிறுத்துங்க, கண்ணு போயிரும், நிறுத்துங்க." மதினியின் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. யார் காதிலும் விழவில்லை. நான் கயிற்றுக்குள் நுழையப் பார்த்தேன், பின்னாலிருந்து எவனோ தோளைப் பிடித்து இழுத்தான். லாரிக்காரர் வடக்கத்திக்காரனின் கையைப் பிடித்து இழுத்துவந்து நடுவில் நிறுத்தினார். அவன் ஏதோ சொன்னான், இந்தியில். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தரகர் துண்டுகளை அள்ளிக்கொண்டு வெளியேறினார், மணி அடித்தது.

அந்த அடியை நான் பார்க்கவில்லை. மதினி பார்த்தார்.

மதுரைக்குக் கொண்டுபோனோம். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், கட்டுப்போட்ட முகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன், ஏன் இறங்கவில்லை என்று.

"எத்தனை துண்டு விழுந்துச்சு. அதுல உன் துண்டு எதுன்னு கண்ணுக்குத் தெரியல ஆத்தா" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. தரகர் வீட்டு வாசலில் போய் நின்று தெருவே கூடும்படி கேட்டேன். லாரிக்காரர் டீசல் போடுகிற பங்கில் போய், டிரைவர்கள் எதிரில் கேட்டேன். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு, தெரியாமப் போச்சு தங்கச்சி, தெரியாமப் போச்சு என்றார்கள். தெரியாது என்றால் ஏன் ஏறினீர்கள்? தெரியாதவன் கயிற்றுக்கு வெளியே அல்லவா நிற்க வேண்டும்? கொஞ்ச நாள் கடைப் பக்கம் வரவில்லை. பிறகு அண்ணனே போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அதே ஆணிச் சாக்கு, அதே டீ. உச்சம் என்ற வார்த்தையை மட்டும் என் எதிரில் சொல்ல மாட்டார்கள். நான் அவர்களோடு பேச மாட்டேன். டீக்குச் சொல்லவும் மாட்டேன், அண்ணன்தான் சொல்வார்.

எண்பதுகளில் வாடகைக்கு டிவியும் டெக்கும் வந்தன. குமுளிப் பக்கம் ஒரு கல்ஃப்காரர் வீட்டிலிருந்து, குத்துச்சண்டைக் கேசட் ஒன்று வந்திருக்கிறது என்று தரகர் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில்தான் போட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் வாயாலேயே மோதவிட்ட ஸ்பிரிங்கை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள். நானும் கதவோரம் நின்று பார்த்தேன்.

ஆனால் அது ஸ்பிரிங்கின் நல்ல காலத்துச் சண்டை அல்ல. இடுப்பில் சதை விழுந்திருந்தது. எதிரில் சின்ன வயதுக்காரன். துள்ளவே இல்லை. கை கீழேயே கிடந்தது, தலை பின்னால் சாய்ந்தது, சாய்கிற இடத்துக்கு அடி வந்து காத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தார். தரகர் ஒருமுறை, "ஆளு இவுகதானா?" என்று கேட்டார். அப்போது ஸ்பிரிங்கின் மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு பறந்து வந்து உள்ளே விழுந்தது. நடுவர் பாய்ந்து நடுவில் புகுந்து இரண்டு கையையும் ஆட்டினார். முடிந்தது. ஸ்பிரிங் முக்காலியில் போய் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவன் இன்னொரு துண்டை எறியவில்லை.

தரகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். லாரிக்காரர் செருப்பைத் தேடினார். சொல்லிக்கொள்ளாமல் இரண்டு பேரும் போய்விட்டார்கள். டிவியில் வெறும் புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்திவிட்டு, "பாத்தீகளாண்ணே, அங்கன எப்படி நிறுத்துறாகன்னு. இந்தப் பாவிக ரெண்டு பேரும்" என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரிஞ்சுது ஆத்தா" என்றார் அண்ணன்.

"என்ன தெரிஞ்சுது?"

"உன் துண்டு. முத விழுந்தது உன் துண்டுதான்னு தெரிஞ்சுது. தோள்ல போட்டதும் நம்ம பெட்டியில இருந்த பாச்சா உருண்டை வாசம்கூட வந்துச்சு. இறங்கத்தான் நெனைச்சேன். அதுக்குள்ள அத்தனை பேரும் எறிஞ்சுட்டாக. அத்தனை துண்டுக்கு மத்தியில எப்படி இறங்குறது? இறங்க மனசு வரல."

இத்தனை வருஷம். ஊரில் இரண்டு பேரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இத்தனை வருஷம்.

"மதினிக்குத் தெரியுமா?"

"மதுரை ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டா அவ. தங்கச்சிக்காவது கோவப்பட வேற ஆள் இருக்கட்டும்னு சொன்னா."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மதினி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. தரகருக்கும் லாரிக்காரருக்கும் நான் வைத்திருந்த கோபத்தில் ஒரு துளி குறையவில்லை. அது அப்படியே இருந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து நின்றது.

"சத்தியம் பண்ணுனீகளேண்ணே" என்றேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே உங்களைத் திட்டித் தீத்திருப்பேன்ல."

அண்ணன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இருக்கிற ஒரு கண்ணால் என்னை நேராகப் பார்த்தார்.

"இப்பத் திட்டு. கேக்குறேன்."

திட்டினேன். மதினி வந்து, சோறு ஆறிப்போகுது, ரெண்டு பேரும் சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிற வரைக்கும் திட்டினேன்.